கடைசி பெஞ்ச் குறும்புகள்: எது பலிக்கும், எது காட்டிக்கொடுக்கும்

கேள்வி இது: பள்ளி முடித்துப் பல வருடம் ஆன ஒரு வகுப்பு மறுபடி கூடுகிறது. பழைய வகுப்பறையில் ஒரு பீரியட் உட்காரப் போகிறார்கள், பாடம் நடத்திய ஆசிரியரும் வருகிறார். அந்தக் காலத்துக் குறும்புகளில் நாலைந்தை மறுபடி செய்து பார்க்க ஆசை. எவற்றைச் செய்யலாம், எப்படிச் செய்தால் சொதப்பாது, எவற்றைத் தொடவே கூடாது?

எதைச் செய்தாலும் ஈரத்துணியால் துடைத்தால் போய்விட வேண்டும், ஒரு நிமிடத்துக்குள் ஆசிரியரும் சேர்ந்து சிரித்துவிட வேண்டும். இந்த இரண்டில் ஒன்றில் தேறாவிட்டாலும் அதை விட்டுவிடுங்கள். இன்னொன்றையும் முன்கூட்டியே யோசியுங்கள்: அன்றைக்கு நாற்பது வயதில் இருந்த ஆசிரியருக்கு இன்று எழுபது தாண்டியிருக்கலாம். காது கேட்கும் கருவி வைத்திருந்தாலோ, இதயத்தில் சிக்கல் இருந்தாலோ திடீர்ச் சத்தம் எழுப்புகிற எதுவும் வேண்டாம். வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் போதும்.

எல்லாவற்றிலும் எனக்கு மிகச் சிறந்ததாகப் படுவது, வாயை மூடிக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று இழுக்கிற அந்த ரீங்காரம். செலவில்லை, தடயமில்லை, கண்டுபிடிப்பதும் உண்மையிலேயே கடினம். சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதை மூளை இரண்டு வழிகளில் கணக்குப் போடுகிறது. ஒரு காதுக்கும் மறு காதுக்கும் சத்தம் வந்து சேரும் நேர வித்தியாசம் ஒன்று. இரண்டு காதிலும் கேட்கிற உரப்பின் வித்தியாசம் மற்றொன்று. 1907-இல் இயற்பியலாளர் ராலே பிரபு இதை விளக்கினார். நேர வித்தியாசம் அதிகபட்சம் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதைப் பிடிக்க மூளைக்குச் சத்தத்தின் கூர்மையான தொடக்கம் பெரிதும் உதவும். கைதட்டல், விசில், பேனா கீழே விழுவது எல்லாம் சட்டென்று மாட்டிவிடுவது அதனால்தான். ரீங்காரத்துக்குத் தொடக்கமே தெரியாது. மெல்லக் கிளம்பி, நாலு சுவரிலும் பட்டுத் திரும்பி, அறை முழுக்க ஒரே மாதிரி நிரம்பிவிடும். கட்டைக் குரலில் 120 ஹெர்ட்ஸ் அளவில் இழுத்தால் அலைநீளம் கிட்டத்தட்ட 3 மீட்டர். அவ்வளவு நீளமான அலையைத் தலை மறைக்காது, அதனால் இரண்டு காதிலும் உரப்பு ஒன்றுபோலவே இருக்கும். ராலே சொன்ன இரண்டாவது வழியும் அடைபட்டுப் போகிறது.

செய்முறை: குறைந்தது ஆறு பேர், அறையின் வெவ்வேறு மூலைகளில். ஒரே சுருதியில், முடிந்தவரை கீழ்க் குரலில். எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சு வாங்கினால் நடுவில் ஓட்டை விழும். ஒற்றைப்படை பெஞ்சும் இரட்டைப்படை பெஞ்சும் மாறி மாறி மூச்செடுக்கட்டும். ஆசிரியர் கிட்டே வந்தால் பக்கத்தில் இருப்பவர் மட்டும் மெதுவாகக் குரலைக் குறைத்துவிட்டு நிறுத்த வேண்டும், மற்றவர்கள் தொடர வேண்டும். இரண்டு பேர் மட்டும் செய்தால் இது நடக்காது. ஆசிரியர் நடக்கிற பக்கமெல்லாம் அமைதி கூடவே போகும், இரண்டு நிமிடத்தில் ஆளைப் பிடித்துவிடுவார். அனுபவமுள்ள ஆசிரியர் காதை நம்ப மாட்டார். தொண்டைக்குழியைப் பார்ப்பார், இல்லையென்றால் சந்தேகப்படுகிற ஆளை எழுப்பி ஒரு கேள்வி கேட்பார். அவர் பதில் சொல்ல வாய் திறந்ததும் சத்தம் சற்றே மெலிந்தால் தீர்ந்தது கதை. எழுந்து நிற்பவர் பதில் சொல்லும்போது மற்றவர்கள் துளி உரப்பு கூட்டிக்கொள்ள வேண்டும். இதற்கு ஒத்திகை வேண்டும்.

அடுத்து, எழுதாத சாக்பீஸ். கரும்பலகையில் மெழுகு தேய்ப்பதுதான் பலருக்கு நினைவிருக்கும். அது வேண்டாம். சாக்பீஸ் எழுதுவதே பலகையின் நுண்ணிய சொரசொரப்பு அதை உரசித் தூளாக்கிப் பிடித்துக்கொள்வதால்தான். மெழுகு அந்தச் சொரசொரப்பை அடைத்துவிடும், பிறகு சுலபத்தில் போகாது. சுரண்டினால் பலகை பாழாகும். பலகையை விட்டுவிட்டுச் சாக்பீஸைத் தயார் செய்யுங்கள். நிறமில்லாத நகப்பூச்சை முனையிலிருந்து 2 சென்டிமீட்டர் வரை மெல்லியதாக ஒரு கை பூசி, முனை மேலே இருக்கும்படி களிமண்ணிலோ தெர்மோகோலிலோ நட்டு வைத்துக் காயவிடுங்கள். அரை மணி கழித்து இன்னொரு கை. ஒரேயடியாகத் தடிமனாகப் பூசினால் பூச்சு வழிந்து கீழே ஒரு வளையம் கட்டும், வெளிச்சத்தில் பளபளக்கும், கையில் எடுத்ததுமே தெரிந்துவிடும். காய்ந்தபின் துணியால் ஒரு தடவை தேய்த்து, மேலே சாக்பீஸ் தூளைத் தூவிவிட்டால் மினுமினுப்பு போய்விடும். தட்டில் இருக்கிற அத்தனை சாக்பீஸையும் இப்படிச் செய்திருக்க வேண்டும், ஒன்று நல்லதாக இருந்தாலும் கை அதைத்தான் எடுக்கும்.

பார்க்க வேண்டிய காட்சி அந்த இருபது விநாடிதான். முதல் கோடு விழாது. ஆசிரியர் சாக்பீஸைத் திருப்பிப் பார்ப்பார், விரலால் முனையைத் தடவுவார், பலகையைக் கையால் துடைப்பார், கொஞ்சம் அழுத்தி மறுபடி இழுப்பார். சாக்பீஸ் வழுக்கிக்கொண்டு போகும். மூன்றாவது முறை, பழக்கதோஷத்தில், இரண்டாக உடைப்பார். உடைந்த பக்கம் வெள்ளையாக எழுதும். குறும்பு தானாக முடிந்துவிடும், பாடமும் நடக்கும். ஒரு எச்சரிக்கை மட்டும்: காய்ந்த பூச்சை விடாமல் அழுத்தி இழுத்தால் பலகையில் கீறல் விழக்கூடும். அவர் பலமாக அழுத்துகிற ஆள் என்றால் ஒரு கை பூச்சோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சாக்பீஸ் என்றதும் கீச்சொலியையும் சொல்லிவிட வேண்டும். புது சாக்பீஸை உடைக்காமல், வால் நுனியில் தளர்வாகப் பிடித்து, பலகைக்குச் செங்குத்தாக வைத்து மெதுவாக இழுத்தால் ஒட்டுவதும் நழுவுவதுமாக வேகமாக அதிர்ந்து அந்தப் பல்கூசும் ஓசை வரும். பாதியாக உடைத்து, சாய்த்துப் பிடித்தால் போய்விடும். இந்தக் கூச்சத்துக்கு மிக உயர்ந்த அதிர்வெண்கள்தான் காரணம் என்று நினைப்பது இயல்பு. 1986-இல் ஹால்பர்ன், பிளேக், ஹில்லன்பிராண்ட் மூவரும் பலகையைப் பிராண்டும் ஓசையிலிருந்து உயர் அதிர்வெண்களை நீக்கிவிட்டுக் கேட்கச் செய்தார்கள். அப்போதும் கேட்டவர்களுக்குக் கூசத்தான் செய்தது. அந்த ஆய்வுக்கு 2006-இல், முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக்நோபல் பரிசு கிடைத்தது. ஒரு தடவைக்கு மேல் இதைச் செய்யாதீர்கள், கூட்டத்தில் பாதிப் பேர் உங்கள் மேலேயே பாய்வார்கள்.

பெஞ்சு நகர்த்தல். ஆசிரியர் பலகைப் பக்கம் திரும்புகிற ஒவ்வொரு தடவையும் வகுப்பு முழுவதும் 5 சென்டிமீட்டர் முன்னால் வர வேண்டும். ஒரு பீரியடில் இருபது தடவை திரும்பினால் ஒரு மீட்டர். கடைசியில் மேசைக்கும் முதல் பெஞ்சுக்கும் நடுவில் அவர் நுழைய இடமிருக்காது. கண் பார்க்காத நேரத்தில் நடக்கும் சின்னச் சின்ன மாற்றங்களை மனம் கணக்கில் எடுப்பதில்லை, இது சோதித்து நிரூபித்த விஷயம். உளவியலாளர்கள் சைமன்ஸ், லெவின் இருவரும் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், வழி கேட்டுப் பேசிக்கொண்டிருந்தவரை நடுவே ஒரு கதவைத் தூக்கிச் சென்று மறைத்து, ஆளையே மாற்றிவிட்டார்கள். வழி சொன்ன 15 பேரில் 7 பேர்தான் ஆள் மாறியதைக் கவனித்தார்கள். ஆளே மாறினால் தெரியாதபோது 5 சென்டிமீட்டர் எம்மாத்திரம்?

சொதப்புவது சத்தத்தில்தான். உட்கார்ந்தபடி காலால் தள்ளினால் பெஞ்சுக்கால் தரையில் கிறீச்சென்று இழுபடும். இரு முனையிலும் இருப்பவர்கள் லேசாக எழுந்து, ஒரு விரல்கடை தூக்கி வைக்க வேண்டும். முந்தைய நாளே கால்களுக்கு அடியில் கம்பளித் துணி ஒட்டிவிட்டால் இன்னும் நல்லது. இரண்டாவது ஆபத்து, வரிசை கோணலாவது. ஒரு பெஞ்சு முந்திக்கொண்டால் அந்தக் கோணல் கண்ணில் குத்தும். தரையில் டைல்ஸ் இருந்தால் அதன் கோடுகளே உங்களுக்கு அளவு. இல்லையென்றால் ஓரமாகப் பென்சிலால் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். ஆசைப்பட்டு ஒரே தடவையில் 15 சென்டிமீட்டர் நகர்த்தினால் கதை கந்தல். ஆசிரியர் எழுதி முடிப்பதற்குள் திரும்பிவிடுவார் என்ற பயமும் வேண்டாம்: எழுதும்போது தோள் உயர்ந்தே இருக்கும், தோள் இறங்கியதும் நிறுத்த வேண்டும் என்பதுதான் கணக்கு.

கண்ணாடியில் வெயிலைப் பிடித்துப் பலகையில் விடுவது பார்க்க எளிது, செய்யக் கடினம். கண்ணாடியை 1 பாகை திருப்பினால் ஒளிக்கற்றை 2 பாகை திரும்பும். 10 மீட்டர் தள்ளியிருக்கும் பலகையில் அது 35 சென்டிமீட்டர் தாவல். கை நடுங்கினால் வெளிச்சம் பேயாட்டம் ஆடுவது இதனால்தான். முழங்கையை டெஸ்கில் ஊன்றி, கண்ணாடியின் ஒரு ஓரத்தைப் புத்தகத்தின் மேல் வைத்துக்கொண்டு மறு ஓரத்தை மட்டும் விரலால் அசைத்தால் பிடிபடும். சதுரக் கண்ணாடியானாலும் தூரத்தில் விழும் வெளிச்சம் கிட்டத்தட்ட வட்டமாகவே இருக்கும். சூரியன் அரை பாகை அகலமுள்ள வட்டம், 10 மீட்டரில் அதன் பிம்பம் மட்டுமே 9 சென்டிமீட்டர். அதனால் பெரிய கண்ணாடி தேவையில்லை, 2 அல்லது 3 சென்டிமீட்டர் துண்டே போதும், வட்டமும் இன்னும் தெளிவாக இருக்கும். ஓரங்களில் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள், விரல் கிழியாமல் இருக்கும்.

இதில் ஆள் மாட்டுவதற்குக் காரணம் ஒன்றே ஒன்று: வெயில் விழும் இடத்தில் உட்கார்ந்திருப்பவரைத் தவிர வேறு யாரும் இதைச் செய்ய முடியாது. ஜன்னல் வெயில் சதுரம் தரையில் நகர்ந்துகொண்டே இருக்கும், ஒவ்வொரு பெஞ்சுக்கும் கொஞ்ச நேரம்தான். ஆகவே எந்த நேரத்தில் எந்த பெஞ்சில் வெயில் விழுகிறது என்று முந்தைய நாளே பார்த்து வைத்துக்கொண்டு, சந்தேகமே வராத ஆளை அங்கே உட்கார வையுங்கள். பழைய முதல் ராங்க்காரர் பொருத்தமாக இருப்பார். யார் முகத்திலும், குறிப்பாகக் கண்ணில், வெளிச்சம் விழக்கூடாது. பலகையின் மேல் ஓரத்திலேயே வைத்துக்கொண்டால் அந்தப் பிரச்சினை வராது.

ஸ்கேல் ‘டொய்ங்’ சொல்லும் சத்தத்துக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. 30 சென்டிமீட்டர் ஸ்கேலில் 20 சென்டிமீட்டர் வெளியே நீட்டித் தட்டுவதற்கும் 10 சென்டிமீட்டர் நீட்டித் தட்டுவதற்கும் அதிர்வெண் நான்கு மடங்கு வித்தியாசம், அதாவது இரண்டு ஸ்தாயி. தட்டிவிட்டு அதிர்ந்துகொண்டிருக்கும்போதே உள்ளே இழுத்தால் அந்த இழுவை கிடைக்கும். டெஸ்க் விளிம்பை ஒட்டி உள்ளங்கையால் அழுத்திப் பிடிக்காவிட்டால் இசைக்குப் பதில் கடகடப்புதான் வரும். மரஸ்கேல் பிளந்துபோகும், ஸ்டீல் சிறந்தது. ஆள் உடனே மாட்டுவார், அதைப் பற்றிக் கவலைப்படாதவர்களுக்கு மட்டும் இது.

எல்லோரும் ஒரே நொடியில் புத்தகத்தைக் கீழே போடுவது, ஒழுங்காக நடந்தால், மறக்க முடியாதது. ஒழுங்காக நடப்பது அபூர்வம். காரணம் சைகை. ஒருவர் தலையசைத்ததும் போடலாம் என்று வைத்துக்கொண்டால், பார்த்ததும் கை அசைய ஒருவருக்கு 0.2 நொடி ஆகும், இன்னொருவருக்கு 0.35 நொடி ஆகும். காதுக்கு அந்த வித்தியாசம் நன்றாகவே கேட்கும். ‘டமால்’ என்று வர வேண்டியது ‘டபடபடப’ என்று உதிரும். சுவர்க் கடிகாரத்தின் விநாடி முள் 12-ஐத் தொடும்போது என்று வைத்துக்கொள்ளுங்கள். முள் வருவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம், கை முன்கூட்டியே தயாராகிவிடும், பாட்டுக்குத் தாளம் போடுவது மாதிரி. அறையில் கடிகாரம் இல்லையென்றால் ஒன்றை முன்பே மாட்டிவிடுங்கள். அவரவர் கைக்கடிகாரத்தை நம்பினால் இன்னும் மோசம். எல்லோரும் ஒரே உயரத்திலிருந்து விட வேண்டும். 75 சென்டிமீட்டர் டெஸ்க் உயரத்திலிருந்து தரைக்கு 0.39 நொடி. நின்றுகொண்டு விடுபவரின் புத்தகம் பின்தங்கும். தட்டையாக விழுந்தால்தான் சத்தம், மூலை குத்தி விழுந்தால் சப்பென்று போகும், அட்டையும் கிழியும். நல்ல புத்தகம் வேண்டாம், கெட்டி அட்டை போட்ட பழைய நோட்டு போதும்.

காகித வெடியும் இந்த வகைதான். ஏ4 தாளை நீளவாக்கில் மடித்து விரியுங்கள். நான்கு மூலைகளையும் நடுக்கோட்டைத் தொடும்படி மடியுங்கள். நடுக்கோட்டிலேயே பாதியாக மடித்தால் நீண்ட சரிவகம் கிடைக்கும். அதைக் குறுக்கே பாதியாக மடித்து விரித்தால் நடுவில் ஒரு கோடு. இரண்டு கூர்முனைகளையும் அந்தக் கோட்டை ஒட்டிக் கீழே மடித்து, பிறகு அதே கோட்டில் பின்பக்கமாகப் பாதியாக மடித்தால் முக்கோணம். திறந்திருக்கும் இரண்டு நுனிகளைச் சேர்த்துப் பிடித்து, கையை உயர்த்தி வேகமாகக் கீழே வீச வேண்டும். உள்ளே மடங்கியிருக்கும் பை பட்டென்று வெளியே விரியும்போதுதான் சத்தம். பத்தில் ஒன்பது பேருக்கு வெடிக்காததற்குக் காரணம், விரிய வேண்டிய அந்த உள்மடிப்பையும் சேர்த்து விரலால் இறுக்கிப் பிடித்திருப்பார்கள். தடித்த தாள் திறக்காது. செய்தித்தாளின் முழுப்பக்கம் ஏ4-ஐவிடப் பல மடங்கு பலமாக ஒலிக்கும். காதுக்குப் பக்கத்தில் வைத்து வீசாதீர்கள்.

விமானம் விடுவதற்கு ஒரே ஆலோசனைதான்: வகுப்பறைக்குத் தூரம் தேவையில்லை. 2022-இல் மூவர் சேர்ந்து செய்து எறிந்த காகித விமானம் 88.318 மீட்டர் போய் உலக சாதனையானது. உங்களுக்கு 8 மீட்டர் போதும், ஆனால் அது ஆசிரியரின் மேசையில் இறங்க வேண்டும். மூக்கைக் குத்திக்கொண்டு விழுந்தால் இறக்கையின் பின் ஓரத்தை 2 மில்லிமீட்டர் மேல்நோக்கி வளையுங்கள். மேலே ஏறி நின்று தலைகுப்புற விழுந்தால் அந்த வளைவைக் குறையுங்கள். பலமாக எறியாமல் தள்ளிவிடுவதுபோல விடுங்கள்.

இன்னும் கொஞ்சம் சிரமப்படத் தயார் என்றால், மறையும் மை. அந்தக் காலத்தில் சட்டையில் நிஜ மையைத் தெளித்து அழுதவர்களுக்கு இது நல்ல பரிகாரம். தைமால்ஃப்தலீன் என்ற நிறங்காட்டியில் (காரத்தன்மைக்கு ஏற்ப நிறம் மாறும் பொருள்) 0.1 கிராம் எடுத்து 10 மில்லி எத்தனாலில் கரைத்து, 90 மில்லி தண்ணீர் சேர்க்கவும். நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட, கரைசல் அடர்நீலமாகும். அதோடு நிறுத்திவிடுங்கள். பருத்தித் துணியில் தெளித்தால் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு காரத்தன்மையைக் குறைக்கும். காரத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 9.3-க்குக் கீழே இறங்கியதும் நிறம் போய்விடும், ஊதினால் இன்னும் சீக்கிரம். பள்ளி ஆய்வகத்தில் சுலபமாகக் கிடைக்கிற பினாப்தலீனிலும் செய்யலாம், ஆனால் அது நிறமிழக்க 8.2 வரை இறங்க வேண்டும், பிங்க் நிறம் மிக மெதுவாகத்தான் போகும். அதற்குள் சட்டைக்காரர் கோபமாகிவிடுவார். சோடியம் ஹைட்ராக்சைடு அதிகமானாலும் இதே நிலைதான், அத்துடன் தோலும் எரியும். கலப்பவர் கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் போட்டுக்கொள்ளட்டும். நெஞ்சுக்குக் கீழே, பருத்திச் சட்டையில் மட்டும் தெளியுங்கள். பட்டிலும் கம்பளியிலும் கூடவே கூடாது, காரம் இழையைக் கெடுக்கும். பிறகு சட்டையைத் தண்ணீரில் அலசிவிடச் சொல்லுங்கள்.

செய்யவே கூடாதவை. உட்காரும்போது நாற்காலியை இழுப்பது: வால் எலும்பு உடையும், மாதக்கணக்கில் வலிக்கும், வயது கூடக்கூட இடுப்பெலும்புக்கும் ஆபத்து. பூனைக்காலிச் சுணை: அந்த ரோமங்களில் உள்ள புரத நொதி தோலில் கடும் அரிப்பை உண்டாக்கும், கண்ணில் பட்டால் மருத்துவமனைதான், சொரியச் சொரியப் பரவும். அழுகிய முட்டை நாற்றத்துக்காக ஆய்வகச் சல்ஃபைடுகளைக் கையாள்வது: வெளிவரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு விஷவாயு, அளவு கூடும்போது மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாமல் போவதுதான் அதன் கொடுமை. பூட்டில் பசை, ஊதுவத்தி கட்டிய பட்டாசு, தீ எச்சரிக்கை மணி, இவையும் வேண்டாம்.

பட்டப்பெயர்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். வைத்தவருக்கு அது வேடிக்கை, சுமந்தவருக்குப் பல வருடச் சுமையாக இருந்திருக்கலாம். பதின்வயதில் கூட்டாளிகள் பக்கத்தில் இருந்தால் துணிச்சல் தறிகெட்டுப் போகிறது என்பதை உளவியலாளர்கள் கார்ட்னர், ஸ்டைன்பெர்க் இருவரும் 2005-இல் 306 பேரை வைத்துக் காட்டினார்கள். கணினியில் கார் ஓட்டும் விளையாட்டில் 13 முதல் 16 வயதுக்காரர்கள் தனியாக விளையாடியதைவிட நண்பர்கள் பார்க்கும்போது கூடுதல் ஆபத்துகளை எடுத்தார்கள். 24 வயதைத் தாண்டியவர்களிடம் அந்த வேறுபாடு இல்லை. அன்று வாய்தவறி வந்த பெயரை இன்று மேடையில் ஏற்றுவதற்கு அந்த வயதைக் காரணம் காட்ட முடியாது. சம்பந்தப்பட்டவரே தன்னை அப்படி அழைத்துக்கொண்டால் தவிர, யாரும் அதை எடுக்க வேண்டாம்.

கடைசியாக, மாட்டிக்கொள்வதைப் பற்றி. எந்தக் குறும்பையும் முதலில் காட்டிக்கொடுப்பது சிரிப்புதான். சிரிப்பு தனியாக இருப்பதைவிடக் கூட்டத்தில் ஏறக்குறைய 30 மடங்கு அதிகம் வருவதாகச் சிரிப்பை ஆராய்ந்த உளவியலாளர் ராபர்ட் பிரவைன் பதிவு செய்திருக்கிறார். அடக்கினால் தோள் குலுங்கும், மூக்கு வழியாகக் காற்று பீறிடும், பக்கத்து ஆளுக்குத் தொற்றிக்கொள்ளும். அதற்கும் முன்பே கண் காட்டிக்கொடுத்திருக்கும். நடக்கப்போவது தெரிந்தவர்கள் எல்லோரும் செய்யப்போகிறவரைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். ஆசிரியர் கடைசி பெஞ்சைத் துழாவுவதில்லை. முன் பெஞ்சுக்காரர்களின் பார்வை எங்கே போகிறது என்று பார்த்து, அந்த வழியிலேயே நடந்து வருவார். அதனால் வகுப்பு முழுவதும் சேர வேண்டிய குறும்பாக இல்லாவிட்டால் திட்டத்தை எல்லோரிடமும் சொல்லாதீர்கள், செய்கிறவர்களுக்கு மட்டும் தெரிந்தால் போதும். அவர்கள் எதிரே திறந்திருக்கும் புத்தகத்தில் ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, உதட்டை உள்பக்கம் கடித்தபடி, அதையே திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டும்.